மூட்டையும் தள்ளுவண்டியும்

மலிவாக ஊர் சுற்றுகிறவனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அவனை யாரும் நல்ல இடங்களுக்கு மட்டும் அழைத்துக்கொண்டு போக மாட்டார்கள். குளிர்சாதனக் காரில் போகிறவருக்குக் காட்டுவதற்கென்று ஒவ்வொரு தேசத்திலும் நாலு காட்சிகளைத் துடைத்து மெருகு போட்டு வைத்திருக்கிறார்கள். முதுகில் பையும் மடியில் எண்ணி முடிந்த பணமுமாகக் கிளம்புகிறவனோ ஊர் ஜனங்கள் போகும் பஸ்ஸில்தான் போக வேண்டும். அவர்கள் இறங்கும் இடத்தில்தான் இறங்க வேண்டும். அவன் கண்ணில் படாமல் சரித்திரம் தப்பித்துக்கொள்வது கஷ்டம். தென் அமெரிக்காவில் கயானா என்ற நாட்டில் பத்து நாள் இப்படிச் சுற்றியபோது நான் பார்த்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கயானா எங்கே இருக்கிறது? அந்தக் கண்டத்தின் வடக்குக் கரையில், வெனிசுலாவுக்கும் சூரினாமுக்கும் நடுவே. ஜனத்தொகை சுமார் 8 லட்சம். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கடலோரமாக ஓடும் ஒரு குறுகிய பட்டையில் வசிக்கிறார்கள். மற்றதெல்லாம் காடும் ஆறும். 1966 வரையில் அது பிரிட்டிஷ் கயானா. 1959 ஜனவரியில் சென்னையில் நடந்த டெஸ்ட் பந்தயத்தில் 142 ஓட்டம் எடுத்த பாசில் புச்சரும், 99-ல் ரன் அவுட்டான ரோஹன் கன்ஹாயும் அந்த நாட்டில் போர்ட் மௌரன்ட் என்ற ஒரே கரும்புத் தோட்டத்து ஊர்க்காரர்கள் என்றால் கிரிக்கெட் பிரியர்களுக்கு ஒரு நெருக்கம் ஏற்படலாம்.

2015-ல் அங்கே கடலுக்கடியில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 2019-ல் எடுக்கத் தொடங்கினார்கள். எண்ணெய் வந்தால் தலைநகரில் அறை வாடகை ஏறாமல் இருக்குமா? ஆகவே என்னைப் போன்றவனுக்கு ஜார்ஜ்டவுனை விட்டு வெளியே போவதே உத்தமமாக இருந்தது. வெளியே போக இருக்கவே இருக்கிறது மினி பஸ். அது நேரம் பார்த்துக் கிளம்புவதில்லை, ஆள் பார்த்துக் கிளம்புகிறது. கடைசி இடமும் நிரம்பும் வரையில் டிரைவர் அசைய மாட்டார். காதைப் பிளக்கும் பாட்டு, மடியில் கூடை, கூடையில் கோழி. நம் ஊர்க் காரனுக்கு இதெல்லாம் புதிதா என்ன?

ஜார்ஜ்டவுனிலிருந்து கிழக்கே கடலோரச் சாலையில் போனால் ஒரு பக்கம் கடற்சுவர், மறு பக்கம் கால்வாய். கடல் பொங்கும்போது நீர்மட்டம் நிலத்தைவிட உயர்ந்து நிற்கும். டச்சுக்காரர்கள் கற்றுக்கொடுத்த வித்தைப்படி மதகு கட்டி, கடல் வடியும் நேரம் பார்த்துத் திறந்து, மழைத் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். இந்தக் கரையையும் கால்வாயையும் வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். ஒவ்வொரு சதுர மைல் கரும்புக்கும் 65 மைல் நீளத்துக்கு வாய்க்கால் வேண்டியிருந்தது என்றும், அதற்காகக் குறைந்தது 10 கோடி டன் மண்ணை வெட்டி எடுத்திருக்க வேண்டும் என்றும் 1948-ல் அமைந்த ஒரு விசாரணைக் குழு கணக்குப் போட்டது. அத்தனையும் மண்வெட்டியால்.

வழியில் வரும் ஊர்களின் பெயர்கள் ஒரு நாவலாசிரியனைப் பொறாமைப்பட வைக்கும். ‘மேலான நம்பிக்கை’ என்று ஒரு ஊர். ‘வெற்றி’ என்று ஒன்று. ‘பிரம்மசாரியின் சாகசம்’ என்று ஒன்று. அதை ஒட்டியே ‘சொர்க்கம்’. எல்லாம் பழைய தோட்ட முதலாளிகள் ஆங்கிலத்தில் வைத்த பெயர்கள். 1823 ஆகஸ்டில் அந்த ‘வெற்றி’த் தோட்டத்தில்தான் அடிமைகளின் கலகம் மூண்டது. பத்தாயிரம் பேருக்கு மேல் எழுந்தார்கள். ‘பிரம்மசாரியின் சாகச’த்தில் பட்டாளம் சுட்டதில் மாண்டவர்கள் இருநூறு பேர் வரையில் என்கிறார்கள். சில நாட்களில் கலகம் அடங்கிவிட்டது.

‘வெற்றி’யின் சொந்தக்காரர் லிவர்பூலில் இருந்த ஜான் கிளாட்ஸ்டன் துரை. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியான கிளாட்ஸ்டனின் தகப்பனார். 1834-ல் அடிமை முறையைச் சட்டம் ஒழித்தபோது, ‘சொத்து’ போய்விட்டதற்கு நஷ்டஈடாக அவருக்கு 1,00,000 பவுனுக்கு மேல் கிடைத்தது. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு செப்புக் காசும் கிடையாது. பழகுகாலம் என்ற பெயரில் இன்னும் நாலு வருஷம் அதே தோட்டத்தில் உழைத்துவிட்டு, 1838 ஆகஸ்ட் 1-ம் தேதி அவர்கள் முழு விடுதலை பெற்றார்கள்.

பிறகு அவர்கள் செய்த காரியம் இருக்கிறதே, அதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. 1839 நவம்பரில், ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 83 பேர் ஒன்றுகூடினார்கள். பழகுகாலத்தில் உபரி நேரம் உழைத்தும், காய்கறி விற்றும் சேர்த்த சில்லறைக் காசுகளை ஒன்றாகக் குவித்து, நார்த்புரூக் என்ற தோட்டத்தை 30,000 கில்டருக்கு விலை பேசினார்கள். காசுகளை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் நிலத்தை விலைக்கு வாங்கினார்கள்! அந்த ஊருக்கு விக்டோரியா என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷமே 128 பேர் சேர்ந்து பக்ஸ்டன் என்ற ஊரை 50,000 டாலருக்கு வாங்கினார்கள்.

முதலாளிகளுக்கு இது பிடிக்குமா? சொந்த நிலம் உள்ளவன் கூலிக்குப் பேரம் பேசுவான். 1842-ல் கூலியைக் குறைக்கப் பார்த்தபோது தொழிலாளிகள் வேலைக்கு வர மறுத்தார்கள்; முதலாளிகள் இறங்கி வந்தார்கள். 1848-லும் அதே சண்டை நடந்தது. அந்தத் தடவை தோற்றவர்கள் தொழிலாளிகள். நடுவில் தோட்டங்களில் வேறு ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். அவர்களில் நம் தேசத்து ஜனங்களும் உண்டு.

கிளாட்ஸ்டன் துரை முன்யோசனைக்காரர். 1836-லேயே கல்கத்தாவிலிருந்த ஒரு கம்பெனிக்குக் கூலியாட்கள் கிடைப்பார்களா என்று கடிதம் எழுதிவிட்டார். விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து மாதக்கணக்கில் கடலில் கிடந்து, 1838 மே 5-ம் தேதி 396 பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அடிமைகளுக்கு விடுதலை கிடைக்க மூன்று மாதம் இருக்கும்போதே இந்த ஏற்பாடு. நடுவில் சில வருஷம் நின்றும் மறுபடி தொடங்கியும், 1917 வரையில் 2,39,000 பேர் வரை போனார்கள். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசத்துக்காரர்கள், பீகார்காரர்கள். சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அவற்றில் தமிழர்களும் தெலுங்கர்களும் போனார்கள். ஆளுக்கு ஒரு மூட்டைதான் ஆஸ்தி. மூட்டை தூக்கிக்கொண்டு அந்தத் தேசத்துக்குப் போன முதல் மலிவுப் பிரயாணிகள் அவர்கள்தான். ஐந்து வருஷ ஒப்பந்தம். சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே காலை வைத்தால் தண்டனை. குடியிருக்கப் பழைய அடிமைகளின் கொட்டடி.

அந்தக் கப்பல் கட்டணத்தை யார் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரும் பங்கைத் தோட்ட முதலாளிகள் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு குடியேற்ற நாட்டின் பொது வருமானத்திலிருந்து போயிற்று. பொது வருமானம் என்றால் ஜனங்கள் சாப்பிடும் பண்டத்தின் மேலும் உடுத்தும் துணியின் மேலும் போட்ட வரிதான். ஆக, தள்ளுவண்டியில் காசு தள்ளிக்கொண்டு போய் நிலம் வாங்கினானே, அவனிடமே வரி வாங்கி, அவன் கூலியைக் குறைப்பதற்கு ஆள் கொண்டுவந்தார்கள். அந்த ஆளோ பீகாரில் ஒரு கிராமத்தில் பசியோடு கிளம்பியவன். எதற்காகத் தன்னைக் கொண்டுவந்தார்கள் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

1862-ல் நடந்ததாகப் பக்ஸ்டனில் ஒரு கதை சொல்கிறார்கள். வரியைக் குறைக்கச் சொல்லி ஊர் ஸ்திரீகள் தண்டவாளத்தில் நின்று கவர்னரின் ரயிலை நிறுத்தி, சக்கரங்களைச் சங்கிலியால் பூட்டிவிட்டார்களாம். 1848-ல் தொடங்கிய அந்த ரயில், தென் அமெரிக்காவின் முதல் ரயில்களில் ஒன்று; 1972-ல் நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் கிடந்த மேட்டில் இன்று சாலை போகிறது.

அந்தப் பக்ஸ்டனுக்குப் பக்கத்து ஊர் அன்னண்டேல். பக்ஸ்டனில் கறுப்பர்கள், அன்னண்டேலில் இந்தியர்கள். எப்போதும் இப்படிப் பிரிந்தே இருந்ததாக நினைக்க வேண்டாம். 1964 கலவரத்தில் நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். கலந்து குடியிருந்தவர்கள் வீட்டைப் பிய்த்துக்கொண்டு அவரவர் ஜனம் இருக்கும் ஊருக்குப் போனார்கள். இன்றும் தேர்தல் வந்தால் அந்தப் பழைய காயம் வலிக்கிறது. மினி பஸ்ஸுக்கு மட்டும் இந்தப் பேதம் இல்லை. இடம் நிரம்பினால் போதும்.

நான் பெர்பிஸ் ஜில்லாவுக்குப் போன பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, “இந்தியாவில் எந்தப் பக்கம், மகனே?” என்று அவர்கள் பேசும் ஆங்கிலத்தில் கேட்டாள். “மெட்ராஸ்” என்றேன். “ஓகோ, தப்பு அடிக்கிற ஜனமா!” என்றாள். நம் தப்பட்டைக்கு அங்கே தப்பு என்றே பெயர். மாரியம்மன் பூஜையை ‘மெட்ராஸ் பூஜை’ என்கிறார்கள். மொழி போய்விட்டது, பொருள் தெரியாத சில தமிழ்ச் சொற்கள் மட்டும் பாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பூஜைக்கு யார் யார் வருவார்கள் என்று கேட்டேன். “அம்மை போட்டால் கறுப்பன், இந்தியன் என்றா பார்க்கிறது? எல்லாரும் வருவார்கள்” என்றாள்.

2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் குடும்பத்து வாரிசுகள் ஜார்ஜ்டவுனுக்கு வந்து, தங்கள் முன்னோர் அடிமைகளை வைத்துச் சம்பாதித்ததற்காக மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டது நல்லதுதான். ஆனால், துரை எழுதிவைத்துப் போன கணக்கில் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஒரு ஏழையின் வரிப் பணத்தில் இன்னொரு ஏழையைக் கொண்டுவந்து நிறுத்தி, இருவரையும் ஒருவருக்கொருவர் கடன்காரராக்கிவிட்ட பக்கம் அது. லாபத்தைக் கண்டவன் லிவர்பூலில் இருந்தான். சண்டை போட்டுக்கொண்டவர்கள் அடுத்தடுத்த ஊர்களில் இருந்தார்கள். அந்தக் கடனைத் தீர்க்க லிவர்பூலிலிருந்து யாரும் வர முடியாது. பக்ஸ்டனும் அன்னண்டேலும் ஒரே பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்து, மெள்ள மெள்ளத் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.