கட்டற்ற மென்பொருளில் வழு அறிக்கையின் வரலாறு

மென்பொருளில் உள்ள பிழையை வழு என்பர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழிலும் நேரும் பிழையைக் குறிக்கத் தமிழ் இலக்கணம் ஆண்ட சொல் இது. ஆங்கிலத்தில் இதைப் பூச்சி என்னும் பொருளுடைய சொல்லால் குறிப்பர். 1947 செப்டம்பர் 9 அன்று ஆர்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. பணியாளர்கள் அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, நேரம் 15.45, எஃப் பலகை, 70ஆம் ரிலே என்று குறித்து வைத்தனர். எங்கே, எப்போது, என்ன நேர்ந்தது என்ற மூன்றும் அக்குறிப்பில் உள்ளன. நல்ல வழு அறிக்கைக்கு இன்றும் தேவைப்படுபவை இவையே.

மின்னஞ்சல் காலம்

கட்டற்ற மென்பொருளைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே உருவாக்கிப் பேணுகின்றனர். தொடக்கத்தில் பயனர்கள் வழுவை நிரலாளருக்கு மின்னஞ்சலில் எழுதினர். அவர் மறந்தாலோ திட்டத்தை விட்டு விலகினாலோ அச்செய்தி தொலைந்துபோகும். டெபியன் திட்டத்துக்காக இயன் ஜாக்சன் 1994இல் ஒரு வழு பதிவு அமைப்பை உருவாக்கினார். மின்னஞ்சலில் வரும் ஒவ்வொரு வழுவுக்கும் அது ஓர் எண் கொடுத்தது. தொடரும் உரையாடலை எவரும் படிக்கும்படி வைத்தது. 'சிக்கல்களை மறைக்க மாட்டோம்' என்பதை டெபியன் தன் 1997ஆம் ஆண்டுச் சமூக ஒப்பந்தத்திலேயே உறுதிமொழியாக எழுதியது.

பக்சில்லா

நெட்ஸ்கேப் நிறுவனம் 1998இல் தன் உலாவியின் மூலநிரலை வெளியிட்டு மொசில்லா திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக டெரி வைஸ்மன் பக்சில்லா என்னும் இணையவழி அமைப்பை எழுதினார். பின்னர் கேடிஈ, குனோம் போன்ற திட்டங்களும் அதைப் பயன்படுத்தின. ஆனால் அதன் படிவம் நிரலாளரின் மொழியில் அமைந்திருந்தது. எந்தக் கூறு, எந்தப் பதிப்பு, எவ்வளவு கடுமை என்றெல்லாம் அது கேட்டது. உலாவி நின்றுபோனதை மட்டுமே அறிந்த பயனருக்கு இவற்றுக்கு விடை தெரியாது. கணக்குத் தொடங்கவும் வேண்டியிருந்ததால், பாதியிலேயே விட்டுச் செல்ல நேர்ந்தது.

எளிமையாக்கும் முயற்சிகள்

இத்தடையை நீக்க இரு வழிகள் தோன்றின. முதலாவது, பயனருக்குக் கற்பித்தல். சைமன் டேத்தம் 1999இல் எழுதிய வழிகாட்டி, வழுவை நிரலாளர் தம் கண்முன் மீண்டும் காணச் செய்வதே அறிக்கையின் நோக்கம் என்று விளக்கியது. இரண்டாவது, தெரிந்த விவரத்தைக் கணினியே திரட்டுதல். டெபியனின் ரிப்போர்ட்பக் கருவி பதிப்பு விவரங்களைத் தானே சேர்ப்பதுடன், முன்பே பதிவான வழுக்களையும் காட்டுகிறது. உபுண்டு 2006இல் அப்போர்ட் கருவியைச் சேர்த்தது. நிரல் முறிந்தால் அப்போதைய நிலையை அது திரட்டி அனுப்ப உதவும். அத்தகைய தரவில் கடவுச்சொல் போன்றவையும் சிக்கக்கூடும் என்பதால், முறிவு அறிக்கைகள் முதலில் தனிப்பட்டவையாகவே வைக்கப்பட்டன.

எளிமையின் விலை

அறிவிப்பது எளிதானபோது சுமை மறுபக்கம் சாய்ந்தது. கிட்ஹப் தளத்தில் வெற்றுப் பெட்டியில் எதையும் எழுதி அனுப்பலாம். பதிப்பும் மீளச்செய்யும் படிகளும் இல்லாத அறிக்கைகள் குவிகின்றன என்று பல திட்டங்களின் பராமரிப்பாளர்கள் 2016 சனவரியில் அத்தளத்துக்குத் திறந்த மடல் எழுதினர். அடுத்த மாதமே, திட்டங்கள் தாமே கேள்விகளை அமைத்துக்கொள்ளும் வார்ப்புரு வசதியை கிட்ஹப் அளித்தது.

இவ்வரலாற்றில் இருபுறமும் தன்னார்வலர்களே நிற்கின்றனர். அறிவிப்பவரிடம் மிகுதியாகக் கேட்டால் வழு வெளிவராமலே போகும். மிகக் குறைவாகக் கேட்டால் அதைத் திருத்துபவர் சோர்ந்து விலகுவார். எனவே கணினி தானே அறியக்கூடியதைப் பயனரிடம் கேட்காமல், என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்ற மூன்றை மட்டும் கேட்பதே பொருத்தமான வழி.