முதற் பயணநூல்களும் அச்சுச் செலவும்: ஐதராபாத்தோடு தொடர்புடைய இரு பயணிகள்

முன்னுரை

பயண இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பயணி கண்ட நாட்டையும் அவர்தம் நடையையுமே நோக்குகின்றன. அந்நூல் யாருடைய முயற்சியால், எவ்வழியில் வந்த பொருளால் அச்சேறியது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. பழந்தமிழில் ‘செலவு’ என்னும் சொல் பயணத்தைக் குறித்தது. இன்று அது பொருட்செலவைக் குறிக்கிறது. பயணநூலில் இவ்விரு பொருளும் ஒன்றுகூடுகின்றன. பயணம் செய்வதற்கு ஒரு செலவு. அதனை நூலாக்குவதற்கு மற்றொரு செலவு. முன்னதைத் தாமே ஏற்க வல்லவர்க்கும் பின்னது எளிதன்று. நூலாசிரியர் என்று எவரும் அறியாத ஒருவர் தம் முதல் நூலை அச்சேற்ற முனையும்போது இவ்விடர்ப்பாடு மிகுதியாகிறது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐதராபாத்தோடு தொடர்புடைய இரு பயணிகள் இவ்வினாவுக்கு விடை காண உதவுகின்றனர். ஒருவர் சென்னையிலிருந்து காசிக்குச் செல்லும் வழியில் ஐதராபாத்தில் தங்கிய ஏனுகுல வீராசாமி. மற்றொருவர் ஐதராபாத்தில் பிறந்து இலண்டன்வரை சென்ற யூசுப் கான் கம்பளபோஷ். முன்னவரின் நூல் தெலுங்கின் முதற் பயணநூலாகவும், பின்னவரின் நூல் உருதுவின் முதற் பயணநூலாகவும் போற்றப்படுகின்றன. இவை அச்சேறிய வரலாற்றைத் தமிழ்ப் பதிப்பு மரபோடு ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீராசாமியின் கடிதங்கள்

வீராசாமி (1780–1836) சென்னை உச்ச நீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். பன்மொழிப் புலமையும் அலுவலகச் செல்வாக்கும் உடையவர். ஆனால் நூலாசிரியராக அறியப்பட்டவரல்லர். 1830 மே 18இல் அவர் சென்னையிலிருந்து புறப்பட்டார். குடும்பத்தினரும் ஏவலரும் பல்லக்குச் சுமக்கும் போயிகளும் அடங்கிய பெருங்குழு அவருடன் சென்றது. கடப்பை, ஐதராபாத், நாகபுரி, பிரயாகை வழியாகக் காசியை அடைந்து, கயை, கல்கத்தா, பூரி வழியே கீழைக் கடற்கரையை ஒட்டித் திரும்பி, 1831 செப்டம்பர் 3இல் சென்னை சேர்ந்தார். ஏறத்தாழப் பதினைந்தரை மாதப் பயணம் அது.

அவர் ஐதராபாத்தை அடைந்தபோது நிஜாம் நாசிர் உத் தௌலா அரியணை ஏறி ஓராண்டு கடந்திருந்தது. நிஜாமின் நகரையும், அதனை அடுத்து வளர்ந்துவந்த செகந்திராபாத் ஆங்கிலப் பாசறையையும் அவர் கண்டு எழுதினார். கும்பினி ஆட்சிக்குட்பட்ட பகுதியிலிருந்து நிஜாமின் நாட்டுக்குள் நுழையும் பயணிக்கு ஆட்சிமுறை வேறு, நாணயம் வேறு, சுங்கம் வேறு. இத்தகைய வேறுபாடுகளைக் குறித்து வைத்தமையே அவருடைய குறிப்புகளுக்குத் தனிமதிப்பைத் தந்தது எனலாம். ஒவ்வோர் ஊரிலும் தண்ணீர் கிடைக்குமா, கடைகள் உண்டா, தங்க இடம் உண்டா என்பனவற்றையும் அவர் விடாது குறித்துள்ளார். நடை பேச்சு வழக்கை ஒட்டியது.

இக்குறிப்புகள் நண்பர் கோமளேசுவரபுரம் சீனிவாசப் பிள்ளைக்கு எழுதிய கடிதங்களாக அமைந்தவை என்பது இங்கு முதன்மையாக நோக்கத்தக்கது. எழுதும்போதே வீராசாமிக்கு ஒரு வாசகர் இருந்தார். அவ்வாசகரே பின்னர்த் தொகுப்பாளராகவும் பதிப்பாளராகவும் ஆனார். வீராசாமி 1836இல் மறைந்தார். நூல் 1838இல் சென்னையில் வெளிவந்தது. தம் நூலை அச்சில் காணும் பேறு ஆசிரியருக்குக் கிட்டவில்லை.

சீனிவாசப் பிள்ளை பச்சையப்பர் அறநிலையப் பொறுப்பாளருள் ஒருவர். சென்னையின் கல்வி முயற்சிகளில் முன்னின்றவர். இடையில் 1835இல் மெட்காஃப் காலத்துச் சட்டம் அச்சகங்களுக்கான உரிமக் கட்டுப்பாடுகளை நீக்கியிருந்தது. அச்சிடுவதற்கு ஏற்ற சூழல் உருவாகிவந்தது. எனினும் சூழல் மட்டுமே ஒரு நூலை உருவாக்கிவிடாது. மறைந்துபோன நண்பரின் கடிதங்களை நூலாக்கலாம், நூலாக்க வேண்டும் என்று ஒருவர் துணிந்தமையாலேயே அவை நிலைபெற்றன. அவர் பதிப்பில் சேர்த்த ஆசிரியர் வரலாறே வீராசாமியின் வாழ்க்கையை அறிவதற்கு முதன்மைச் சான்றாகவும் விளங்குகிறது.

இரண்டாம் பதிப்பு 1869இலும், திகவல்லி வேங்கட சிவராவ் பதிப்பு 1941இலும் வெளிவந்தன. முதற்பதிப்புக்கும் மூன்றாவதற்கும் இடையே 103 ஆண்டுகள். ஆங்கில மொழிபெயர்ப்பு 1973இல் ஆந்திரப் பிரதேச அரசின் வெளியீடாக ஐதராபாத்தில் வந்தது. வழிப்போக்கராக வீராசாமி தங்கிச் சென்ற நகரமே அவரது நூலைப் பிறமொழியாளர்க்கு அறிமுகப்படுத்தியது.

யூசுப் கான் கம்பளபோஷ்

யூசுப் கான் ஐதராபாத்தில் பிறந்து, 1828இல் அந்நகரை விட்டு நீங்கியவர். ‘கம்பளபோஷ்’ என்பதற்குக் கம்பளி போர்த்தியவர் என்பது பொருள். பல ஊர்களில் அலைந்தபின் இலக்னோவை அடைந்து, அவத் மன்னர் நாசிர் உத்தீன் ஹைதரின் படையில் பணி பெற்றார். மன்னரிடம் விடுப்புப் பெற்று 1837இல் கல்கத்தாவில் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டு ஜூலையில் மன்னர் இறந்தார். பயணம் முடியுமுன்பே பயணியின் புரவலர் மறைந்துவிட்டார்.

புரவலரை நம்பிய பழைய முறையின் நிலையாமையை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது. அரசரின் விடுப்பால் பயணம் நிகழ்ந்தது. நூலோ 1847இல்தான், தில்லிக் கல்லூரியைச் சார்ந்து இயங்கிய அச்சகத்தின் வழியாக, ‘தாரீக்-இ-யூசுஃபி’ என்னும் பெயரில் வெளிவந்தது. மேலைக் கல்வியை உருதுவில் கொணர முயன்ற அக்கல்லூரிச் சூழலில், மேலைநாட்டை நேரில் கண்டவரின் நூல் வரவேற்கத்தக்கதாயிற்று எனக் கருத இடமுண்டு. பின்னர் 1873இல் இலக்னோ நவல் கிஷோர் அச்சகம் இதனை ‘அஜாயிபாத்-இ-ஃபரங்’ என்னும் பெயரில் மறுபதிப்பாக வெளியிட்டது. அப்போது யூசுப் கான் உயிருடன் இல்லை.

இருவர் நூல்களின் முதற்பதிப்புகளும் ஐதராபாத்துக்கு வெளியே, சென்னையிலும் தில்லியிலும் அச்சேறின. ஒன்றனுக்கு நண்பர் துணை. மற்றொன்றனுக்குக் கல்லூரி துணை. இரண்டிலும் அரசவையின் இடத்தைப் புதியதொரு கற்றோர் வட்டம் ஏற்றமை புலனாகிறது.

கையொப்ப முறையும் சொந்த அச்சகமும்

அறியப்படாத எழுத்தாளருக்கு மூன்றாவது வழியொன்றும் இருந்தது. அது முன்கூட்டியே பலரிடம் சிறுதொகை பெறுவது. பாட்னாவில் பிறந்த தீன் முகம்மது அயர்லாந்தின் கார்க் நகரில் வாழ்ந்தபோது 1794இல் வெளியிட்ட பயணநூல் இவ்வகையினது. இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் இதுவே. அயல்நாட்டில், அயல்மொழியில், முன்பு ஒரு நூலும் எழுதியிராத ஒருவரை நம்பி 320 பேர் முன்பதிவு செய்தனர். அவர்தம் பெயர்ப்பட்டியல் நூலிலேயே அச்சிடப்பட்டது. அப்பட்டியல் நன்றியறிதலாக மட்டும் அமையவில்லை. வாங்கத் தயங்குவோர்க்கு அது சான்றுரையாகவும் பயன்பட்டது.

தமிழறிஞர்க்கு இது புதியதன்று. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புலகில் ‘கையொப்பம்’ என வழங்கியது இம்முறையே. கும்பகோணம் கல்லூரி ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையொப்பம் திரட்டியே அச்சுச் செலவை ஈடுசெய்ய முயன்றார். புலவர் தந்த சிறப்புப்பாயிரம் நூலின் தகுதியை உரைத்தது. கையொப்பக்காரர் பட்டியல் அத்தகுதியைப் பிறர் ஏற்றமையைக் காட்டியது. முதல் நூல் வெளியிடுவோருக்கு இவ்விரண்டும் தேவையாயின.

தமிழின் தொடக்ககாலப் பயணநூல்களுள் குறிப்பிடத்தக்க ‘ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்’ (1889) வேறொரு வழியைக் காட்டுகிறது. அதன் ஆசிரியர் சேலம் பகடால நரசிம்மலு நாயுடு இதழாசிரியர், அச்சகம் நடத்தியவர். எழுதுவோரும் அச்சிடுவோரும் ஒருவரேயானபோது பிறர் இசைவுக்குக் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை. எனினும் இழப்பு நேரின் அதனைத் தாங்குபவரும் அவர் ஒருவரே.

முன்பக்கங்களின் சான்று மதிப்பு

மேற்கண்ட செய்திகள் பெரும்பாலும் நூல்களின் முன்பக்கங்களிலும் பின்பக்கங்களிலும் இருந்து பெறத்தக்கவை. முகப்பு, காணிக்கையுரை, பதிப்பாளர் முன்னுரை, சிறப்புப்பாயிரம், கையொப்பக்காரர் பட்டியல் ஆகியவை நூலின் பொருளியல் வரலாற்றைத் தாங்கியுள்ளன. ஆனால் பிற்கால மறுபதிப்புகள் பலவற்றில் இவை ‘நூலுக்குத் தேவையற்றவை’ எனக் கருதி நீக்கப்படுகின்றன. பாட்டையும் உரையையும் பாடவேறுபாடு நோக்கிப் போற்றும் பதிப்பாசிரியர், ஊரும் தொழிலும் குறித்த கையொப்பப் பட்டியலை விட்டுவிடுவதுண்டு. பட்டியல் நீங்கினால், அந்நூலை வரவேற்ற முதல் வாசகர் யாவர், எவ்வூரினர், எத்தொழிலினர் என்பதை அறிய வழியில்லை. சீனிவாசப் பிள்ளையின் முன்னுரை நீக்கப்பட்டிருப்பின் வீராசாமியும் பெயரளவிலேயே எஞ்சியிருப்பார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. முதற் பயணநூல் வெளிவருவதற்கு நண்பர், கல்வி நிறுவனம், கையொப்பம், சொந்த அச்சகம் என நான்கு வழிகள் இருந்தன. பணமளவுக்கு நம்பிக்கையும் இன்றியமையாததாக இருந்தது. அறியப்படாத ஒருவரின் எழுத்துக்கு அறியப்பட்ட ஒருவரோ, அறியப்படாத பலரோ பிணை நின்றனர். வீராசாமியும் யூசுப் கானும் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுள்ளனர். அவர்களை அச்சேற்றியவர்க்கு அவ்வரலாறு ஓரிரு வரிகளையே ஒதுக்கியுள்ளது. பழைய பயணநூல்களை மறுபதிப்புச் செய்வோர் முன்பக்கங்களையும் முழுமையாகச் சேர்ப்பதும், நூலகங்கள் முதற்பதிப்பின் எல்லாப் பக்கங்களையும் மின்வடிவாக்கிக் காப்பதும் இக்குறையைப் போக்கத் துணைபுரியும்.