டூ-டி ஆயிலில் இருந்து டிப்ஸ்டிக் வரை

புது பைக் வாங்கியவரிடம் "மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்காதவர் இல்லை. "ஆயில் லெவல் பார்த்தீங்களா?" என்று கேட்பவரோ அபூர்வம். ஒரு காலத்தில் ஆயில் ஞாபகம் இல்லாமல் யாரும் பெட்ரோல் பங்க்கை விட்டு வெளியே வந்ததே கிடையாது. அந்தப் பழக்கம் எப்படிப் போனது? கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

முதலில் புல்லட். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் தயாரிப்பு ஆரம்பித்தது. அந்தப் பழைய புல்லட்டில் ஆயிலுக்கு இன்ஜினோடு சேர்ந்தே தனி அறை உண்டு; பம்ப் அங்கிருந்து ஆயிலை எடுத்துச் சுற்ற விட்டு மறுபடி அங்கேயே சேர்க்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்போது அளவுக்கோலைப் போட்டால் ஆயில் குறைவாகக் காட்டும். விவரம் தெரியாதவர் மேலும் ஊற்றுவார். வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கிய ஆயிலும் மேலே வந்து சேர, மிச்சம் பிரீதர் வழியாகத் தெறிக்கும். தெரிந்தவர்கள் சில நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுப் பிறகுதான் அளவு பார்ப்பார்கள்.

அடுத்து வந்தது டூ-ஸ்ட்ரோக் காலம். மைசூரில் 1961-ல் ஜாவா, பிறகு ராஜ்தூத், 1980-ல் ஓசூரில் டிவிஎஸ் 50. இங்கே நம்ம மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தபோது ஓசூர் இதோடுதான் இருந்தது. 2004-ல்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போனது. ஆக டிவிஎஸ் 50 பிறந்தது தர்மபுரி மாவட்டத்தில்!

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகும். அதனால் அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோலோடு கலந்தே அனுப்ப வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி, 40 மில்லி என்று வண்டிக்கு வண்டி கணக்கு. ஓட்டம் பழகாத புது வண்டி என்றால் ஆயில் பங்கைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் புகையும், பிளக்கில் கரியும். 1985-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-ல் ஆயிலுக்குத் தனி டேங்க். பம்ப் தானே கலந்துவிடும். ஆனாலும் அந்த டேங்க் காலியாகாமல் பார்ப்பது ஓட்டுபவர் பொறுப்புதான்.

அதே 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. ஃபோர்-ஸ்ட்ரோக். பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு என்பதுதான் அதன் விளம்பரமே. பெட்ரோல் சிக்கனத்துக்காகச் சொன்னதை நாம் ஆயிலுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டோமோ என்று தோன்றுகிறது. 2000 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் வேகமாகக் குறைந்தன. 2001-ல் டிவிஎஸ் விக்டர், 2015-ல் எக்ஸ்எல் 100 என ஓசூரும் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறியது. பங்க்கில் ஆயில் கலக்கும் வேலை ஒழிந்தது. அதோடு ஆயில் பற்றிய நினைப்பும் போய்விட்டது.

சிக்கல் இங்கேதான். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆயில் தினம் தீராது, ஆனால் குறையும். 100 சிசி வண்டி பலவற்றில் மொத்த ஆயிலே சுமார் ஒரு லிட்டர். அதில் 200 மில்லி போனால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. புது வண்டியில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு படிந்து இழையும் வரை கொஞ்சம் ஆயில் கூடுதலாக எரியலாம். நுண்ணிய உலோகத் துகளும் ஆயிலில் சேரும். முதல் சர்வீஸிலேயே ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் இருவரும் மூட்டையுமாக ஏறி நல்லம்பள்ளி வரும் வண்டியில், வெப்பத்தைத் தாங்குவதும் அந்த ஒரு லிட்டர்தான். கடன் வாங்கி எடுத்த வண்டிக்கு, தவணை முடியும் முன்பே இன்ஜின் வேலை வைத்தால் என்ன ஆகும்?

பார்ப்பதும் கஷ்டமில்லை. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு. சில நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். டிப்ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் ஈரம் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். ஹோண்டா வகை வண்டிகளில் மரையைத் திருகாமல் சும்மா வைத்துப் பார்ப்பது முறை. மற்றவற்றுக்குக் கையேட்டைப் பாருங்கள். சில வண்டிகளில் குச்சிக்குப் பதில் சிறு கண்ணாடி வட்டம் இருக்கும்.

சைடு ஸ்டாண்டில் பார்க்கவே கூடாது. வண்டி இடப்பக்கம் சாய்ந்திருக்க, மூடி வலப்பக்கம் இருந்தால் ஆயில் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் பழைய புல்லட் கதைதான். மேல்கோட்டைத் தாண்டிய ஆயில் பிரீதர் வழியே ஏர் ஃபில்டருக்குப் போகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பது நல்லது.

ஊற்றுவதும் பைக் ஆயிலாக இருக்கட்டும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் கியரும் இதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். இதற்காகவே 1998-ல் ஜப்பானில் ஜாசோ என்ற தனித் தரம் வந்தது; டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டி பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் ஆயிலை நினைவுபடுத்தியது. ஃபோர்-ஸ்ட்ரோக் வாய் திறக்காது. நாம்தான் வாரம் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.