கடைசி இலக்கம் யாருடையது?

நான் வளர்ந்த பசறைப் பக்கத் தோட்டத்தில், மடுவத்துத் தராசு 17.8 என்று காட்டினாலும் துண்டில் 17 என்றுதான் விழும். "புள்ளிக்குப் பின்னால உள்ளதெல்லாம் தோட்டத்துக்காம்" என்று அம்மா சொல்லிக்கொண்டே கொழுந்துச் சாக்கை உதறுவார். கணினியின் வரலாற்றிலும் இந்தப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கத்துக்கு ஒரு கதை இருக்கு.

கணினி பிழையே விடாது என்றுதான் நாம நினைக்கிறோம். ஆனால் அந்தத் துல்லியத்துக்கு மின்சாரம் செலவாகுது. சில்லுக்குக் கொடுக்கும் வோல்டேஜைப் பாதியாக்கினால், அது கணக்குப் பார்க்கச் செலவழிக்கும் சக்தி ஏறத்தாழ கால்வாசியாகும். அளவுக்கு மீறிக் குறைத்தால் 0 வரவேண்டிய இடத்தில் 1 வரும். நம்ப முடியாத உறுப்புகளை வைத்து நம்பக்கூடிய இயந்திரம் செய்வது எப்படி என்று 1956இல் வான் நியூமன் எழுதினார். அவருக்குப் பிழை என்பது அடக்கவேண்டிய ஒன்று.

2000களில் இந்தியாவில் பிறந்த அறிஞர் கிருஷ்ணா பாலெம் கேள்வியையே திருப்பிப் போட்டார். ஓர் எண்ணின் முதல் இலக்கம் தவறினால் எல்லாம் போச்சு. கடைசி இலக்கம் தவறினால், ஒரு படத்தில் அது கண்ணுக்கே தெரியாது. அப்படியென்றால் முன் இலக்கங்களுக்கு மட்டும் முழு வோல்டேஜ் கொடுத்தால் போதாதா? 2012இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு, சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, பெர்க்லி ஆய்வாளர்களோடு சேர்ந்து, அதிகம் பயன்படாத பகுதிகளை வெட்டியெடுத்த சில்லுகளைக் காட்டியது. சராசரி 0.25 சதவீதப் பிழைக்குச் சக்தித் தேவை 3.5 மடங்கு குறைந்தது. வேகத்தையும் அளவையும் சேர்த்துப் பார்த்தால், 8 சதவீதப் பிழைக்கு 15 மடங்கு வரை இலாபம். கரண்ட் சரியாக வராத இந்தியக் கிராமப் பள்ளிகளுக்கு, சின்னச் சூரியத் தகட்டில் ஓடும் ஐ-ஸ்லேட் என்ற மின்பலகையில் இந்தச் சில்லுகளைப் போடுவது அவர்களின் கனவு. 2015இல் இருந்து கூகுள் பயன்படுத்திய டிபியு சில்லும், துல்லியத்தைக் குறைத்து 8 பிட் எண்களிலேயே கணக்குப் பார்த்தது.

நல்ல விசயந்தான். ஆனால் 1991 பெப்ரவரி 25 இரவையும் மறக்கக்கூடாது. சவூதியின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைக் கணினி, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கை 24 பிட்டோடு வெட்டி வைத்திருந்தது. வெட்டியது மிகச் சின்னத் துண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக வெட்டியது. 100 மணித்தியாலம் தொடர்ந்து ஓடியதில் அது 0.34 நொடியாகச் சேர்ந்தது. எதிரே வந்த ஏவுகணையைத் தடுக்க முடியவில்லை. 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். அங்கே மின்சாரம் மிச்சம் பிடிக்க யாரும் வெட்டவில்லை. ஆனாலும் பாடம் ஒன்றுதான்.

பிழை கூடியும் குறைந்தும் வந்தால் ஒன்றையொன்று ஓரளவு அடித்துவிடும். ஒரே பக்கம் சாய்ந்தால் சேர்ந்துகொண்டே போகும். மடுவத்துக் கணக்கு இந்த இரண்டாவது வகை. நாளுக்கு அரைக் கிலோ விடுபட்டால் 26 நாளில் 13 கிலோ. குறித்த கிலோவுக்குச் சற்றே குறைந்த நாளில், அந்த அரைக் கிலோதான் முழுப் பேரை அரைப் பேராக்கும்.

நாளைக்குத் தராசோடு கணினியையும் மடுவத்துக்குக் கொண்டுவரலாம். அப்போது எவ்வளவு துல்லியம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், மிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்றும் நாம கேட்கணும். அம்மா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.