தப்பியவர் திரும்பினர்!

"அமெரிக்க நாட்டு அடிமைகளை விடுவித்தவர் யார்?" என்று கேட்டால், "ஆபிரகாம் லிங்கன்!" என்று வகுப்பே ஒரே குரலில் விடை கூறும். விடையிலே பிழையில்லை. 1863 சனவரி முதல் நாள் அவர் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் அடிமை முறையை அந்நாட்டில் சட்டப்படி ஒழித்தது. இரண்டும் உண்மை. ஆயினும், பாடம் அத்துடன் முடிந்துவிடுமானால், பிள்ளைகளின் நெஞ்சிலே பதிவது என்ன? அடிமைகள் காத்திருந்தனர்; நல்லவர் ஒருவர் வந்தார்; விலங்கை அறுத்தார்; அவர்கள் கைகூப்பி நின்றனர்! விடுதலை என்பது மேலே இருப்பவர் மனமிரங்கிக் கீழே இடும் பிச்சை என்ற எண்ணமன்றோ அங்கே விதைக்கப்படுகிறது?

தோழர்களே! வகுப்பறையில் எழ வேண்டிய கேள்வி வேறு. 1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் அடிமைகள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். லிங்கனின் பேனா அசையும்வரை அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தனர்?

அதற்கு விடை கூறுமுன், அவர்களைக் கட்டிவைத்த விலங்கு எது என்று காணவேண்டும். சவுக்கு உண்டு, சந்தையில் தாயை ஒருவனுக்கும் மகவை மற்றொருவனுக்கும் விற்கும் கொடுமை உண்டு. கண்ணுக்குத் தெரியாத விலங்கும் ஒன்று உண்டு: எழுத்தறிவைத் தடுத்தல்! அடிமைக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. தென் மாநிலங்கள் வேறு சிலவும் பின்னர் அவ்வழியே சென்றன. பணிந்து நடப்பதே ஆண்டவன் கட்டளை என்று தேவாலயத்திலே போதனை. படிப்பது குற்றம் என்று நீதிமன்றத்திலே தண்டனை! சாத்திரமும் சட்டமும் கைகோத்து நின்றால் அடிமைத்தனம் எவ்வளவு உறுதியாக வேரூன்றும் என்பதை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

அந்த விலங்கை உடைத்த சிறுவன் ஒருவன். பெயர் பிரடெரிக் டக்ளஸ். மேரிலாந்தில் 1818-இல் அடிமையாகப் பிறந்தவன். பால்டிமோர் நகரில் ஆண்டையின் மனைவி அவனுக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினாள், ஆண்டை சீறினான். படித்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவன் வாதம். கல்வியைத் தடுக்க அவன் சொன்ன காரணமே, கல்வியின் ஆற்றலைச் சிறுவனுக்கு உணர்த்திவிட்டது! வீட்டிலிருந்த ரொட்டித் துண்டுகளைத் தெருவிலே பசித்திருந்த வெள்ளைச் சிறுவர்களுக்குக் கொடுத்து, அவர்களிடம் எழுத்தைக் கற்றான்.

1838 செப்டம்பர் 3-ஆம் நாள், கப்பல் தொழிலாளியின் உடையணிந்து, நண்பரிடம் இரவல் பெற்ற அடையாளத் தாளுடன் டக்ளஸ் இரயிலேறித் தப்பினார். 1845-இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்; நாடே வியந்து படித்தது. ஆனால் அந்த நூலில், தாம் தப்பிய வழியை மட்டும் அவர் கூறவில்லை! ஏன்? அந்த வழியிலே நாளை வேறொருவர் வரவேண்டும். ஆண்டை விழித்துக்கொண்டால் கதவு அடைபட்டுவிடும். தம் வீரத்தைப் பறைசாற்றும் பகுதியையே பின்வருவோர்க்காக அவர் மறைத்து வைத்தார். அடிமை முறை ஒழிந்த பின்னரே அதை வெளியிட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் ராச்செஸ்டர் நகரத்து அவர் இல்லம், தப்பிவந்தோர் தங்கும் புகலிடமாயிற்று.

அத்தகைய புகலிடங்களும் வழிகாட்டிகளும் சேர்ந்த அமைப்பைத்தான் 'பாதாள இரயில்பாதை' என்றனர். பாதாளமும் இல்லை, இரயிலும் இல்லை! நடத்திச் சென்றவர் 'கண்டக்டர்', தங்க இடமளித்த வீடு 'நிலையம்', தப்பிவந்தவர் 'பயணி'. இரவே வண்டி; விண்மீனே விளக்கு. குவேக்கர் குழுவைச் சேர்ந்த வெள்ளையர் பலர் அதிலே துணைநின்றனர். அடிமைத்தளையற்று வாழ்ந்த கறுப்பின மக்கள் அதன் முதுகெலும்பாக விளங்கினர்.

அந்தப் பாதையின் தலைசிறந்த கண்டக்டர் ஒரு பெண். ஹாரியட் டப்மன்! அவரும் மேரிலாந்தின் அடிமை. சிறு வயதில், ஓடிய அடிமையொருவனைக் குறிவைத்துக் கங்காணி எறிந்த இரும்பு எடைக்கல் அவர் தலையைப் பிளந்தது. நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் இருக்கையிலேயே தன்னையறியாது உறங்கிவிடும் நோய், வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. 1849-இல் அவரைப் பிடித்துத் தர, மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் 100 டாலர் என்று விளம்பரம் வந்தது. அவர் பிலடெல்பியா சேர்ந்தார், விடுதலை பெற்றார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். வேலை உண்டு, கூலி உண்டு, அடிக்க ஆளில்லை. ஆனால் 1850-இல் வந்தது ஒரு கொடுஞ்சட்டம். தப்பியவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் பிடித்துத் திருப்பலாம். அவருக்குத் தம் சார்பிலே சாட்சி கூறும் உரிமையில்லை. உதவியவருக்கு 1,000 டாலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும்! விசாரிக்கும் அதிகாரிக்கு, 'இவன் அடிமைதான்' என்று தீர்ப்பளித்தால் 10 டாலர். 'அல்ல' என்றால் 5 டாலர். நீதியின் தராசிலே காசை வைத்த காட்சி இது!

அந்தச் சட்டம் வந்த பிறகுதான் ஹாரியட் மேரிலாந்துக்குத் திரும்பிப் போகத் தொடங்கினார். ஒரு முறையல்ல, ஏறத்தாழ 13 முறை! நீண்ட இரவுகளுக்காகக் குளிர்காலத்தைத் தேர்ந்தார். 1854 கிறிஸ்துமஸ் நாளில் உடன்பிறந்தோரை அழைத்துச் செல்ல வந்தபோது, அவர் தந்தை தம் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு, மக்களோடு சிறிது தொலைவு நடந்து வழியனுப்பினார். மறுநாள் தேடிவந்தவர்கள் கேட்டபோது, 'என் மக்களை நான் காணவில்லை' என்று பொய்யின்றிக் கூறுவதற்காக! அந்தக் கண்கட்டைப் பற்றி வகுப்பில் சொல்லிப் பாருங்கள். அடிமைத்தனம் என்றால் என்ன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

போர்க்களத்திலும் அவர் நின்றார். 1863 சூன் 2-ஆம் நாள் தென் கரோலினாவின் கம்பாஹீ ஆற்றங்கரைத் தோட்டங்கள்மீது வடபுலப் படை நடத்திய தாக்குதலுக்கு வழிகாட்டி அவரே. 700-க்கு மேற்பட்டோர் அன்று விடுதலை பெற்றனர்.

வாளெடுக்காமல், பேனா எடுத்துப் பணி செய்தவர் வில்லியம் ஸ்டில். அவர் தாய் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர். பிலடெல்பியாவில் அடிமை ஒழிப்புக் கழகத்தின் அலுவலகத்தில் அவர் பணியாற்றியபோது, 1850-இல் நடுத்தர வயதினர் ஒருவர் குடும்பத்தைத் தேடி வந்தார். பெற்றோர் பெயரைக் கேட்டார் ஸ்டில், வியந்தார், வந்தவர், தாய் தப்பியபோது விட்டுவரப்பட்ட தம் சொந்த அண்ணன்! சிதறிய குடும்பங்களைச் சேர்க்கும் ஆற்றல் குறிப்பேட்டுக்கு உண்டு என்று கண்டார். தப்பிவந்த நூற்றுக்கணக்கானோரின் பெயர், ஊர், உறவு, பட்ட பாடு அனைத்தையும் எழுதிவைத்தார். பகைவர் கையில் சிக்கினால் பலருக்கும் கேடு என்பதால் ஏடுகளை ஒளித்துக் காத்து, 1872-இல் நூலாக்கினார். வரலாறு ஆண்டைகளின் கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடாமல் காத்தவர் அவர்.

இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பகுத்தறிவு ஒரு கட்டுப்பாட்டையும் விதிக்கிறது. நம் பக்கத்து வீரர் என்பதற்காகப் பொய்யைச் சேர்த்தல் கூடாது. ஹாரியட் 19 பயணங்களில் 300 பேரை மீட்டார் என்று பழைய நூல்கள் எழுதின. ஆராய்ந்தோர் கண்ட கணக்கு, ஏறத்தாழ 13 பயணம், 70 பேர். போர்வையில் தைத்த பூவேலையே வழிகாட்டும் குறியீடு என்ற கதை 1999-இல் வந்த நூலொன்றால் பரவியது. அக்காலச் சான்று எதுவும் அதற்கில்லை. எழுபதே போதும்; இதிலே புராணம் எதற்கு? அதுபோலவே, ஹாரியட் ஆழ்ந்த கடவுள் நம்பிக்கையுடையவர் என்பதையும் மறைக்கவேண்டாம். நமக்கு உடன்பாடில்லாத உண்மையும் உண்மைதான். அதே மதத்தின் பெயரால் சவுக்கைப் பிடித்தவர்களை டக்ளஸ் தம் நூலில் தோலுரித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவைப் பிள்ளைகளே எண்ணட்டும்.

இது கடல் கடந்த கதை என்று ஒதுக்குவோருக்கு ஒரு செய்தி. 1873-இல் புனே நகரத்து ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' என்ற நூலை வெளியிட்டார்; சாதியின் அடிமைத்தனத்தைச் சாடிய அந்த நூலை, நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்குத் துணைநின்ற அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். சாதிக் கொடுமையும் தோட்டத்து அடிமைத்தனமும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றை உடைத்த கரங்களைக் கண்டு மற்றொன்றை உடைக்கும் உறுதி பிறக்கும் என்பதை அவர் அன்றே உணர்ந்தார்.

ஆகவே, தேர்வுத்தாளில் ஒரு கேள்வியை மாற்றுவோம். "விடுவித்தவர் யார்?" என்பதோடு, "தப்பியவர் ஏன் திரும்பிச் சென்றார்?" என்றும் கேட்போம். இருளிலிருந்து ஒருவர் வெளியேறுவது வெற்றி, ஐயமில்லை. வீட்டிலே முதல் பட்டம் பெற்று, ஊரின் எல்லையைத் தாண்டி, தளையற்று நிற்கும் இளைஞர்கள் நம்மிலும் ஆயிரமாயிரம். ஏறிவந்த ஏணியை எட்டி உதைப்பதா, இன்னும் கீழே நிற்பவர்க்காகப் பிடித்து நிற்பதா? எழுதப் படிக்கத் தெரியாத ஹாரியட், பதின்மூன்று முறை நடந்தே அதற்கு விடை கூறிவிட்டார். படித்த நாம் கூறப்போகும் விடை என்ன?