மரியோன் ஏரியும் உயிர் இரையும்

சில ஆண்டுகளுக்கு முன் தென் கரோலினாவில் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். ஒருநாள் காரில் போகையில் நீண்ட பாலம் ஒன்று வந்தது. கீழே கடல் போல் ஏரி. பெயர்ப்பலகையைப் பார்த்து "மரியோன்" என்று வாசித்தேன். பேரன் சிரித்தான். "மேரியன், தாத்தா!"

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாக்கு அப்படித்தான் வாசிக்கும். விசாரித்தால், நான் வாசித்ததிலும் நியாயம் இருந்தது. பதினான்காம் லூயி 1685இல் நாந்த் சாசனத்தை ரத்து செய்தார் என்று பள்ளியில் உருப்போட்டிருக்கிறோம். அதன் பிறகு பிரான்ஸைவிட்டு ஓடிய புராட்டஸ்டன்டுகளில் சிலர் கரோலினாவில் குடியேறினார்கள். அவர்கள் வம்சத்தில் வந்தவர்தான் ஆங்கிலேயரைச் சதுப்புக் காட்டில் மறைந்திருந்து தாக்கிய பிரான்சிஸ் மரியோன். ஏரிக்கு அவர் பெயர்தான். கால்வாயால் இணைந்த பக்கத்து ஏரிக்கு மவுல்ட்ரி என்று இன்னொரு தளபதியின் பெயர்.

இரண்டும் இயற்கை ஏரிகள் அல்ல. மின்சாரத்துக்காக 1939இல் வேலை தொடங்கி 1942இல் முடித்த சான்டீ கூப்பர் திட்டத்தில் உண்டானவை. அங்கே ஸ்ட்ரைப்டு பாஸ் என்றொரு மீன் உண்டு. பிரெஞ்சில் 'பார் ரேயே', அதாவது கோடு போட்ட பார். உடம்பில் ஏழெட்டுக் கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடும். கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும் மீன். நம் கொடுவாவுக்கு நேர் எதிர். அணை எழும்பியதும் ஏரிக்குள் இந்த மீன்கள் அகப்பட்டுக்கொண்டன.

கடலுக்குப் போகாமல் இனம் பெருகுமா? பெருகியது. அதன் முட்டை அடியில் தங்கினால் வண்டலில் மூச்சடைத்துச் சாகும். பொரியும்வரை ஏறக்குறைய இரண்டு நாள் ஓடும் நீரில் மிதந்து வர வேண்டும். ஏரிக்கு மேலே காங்கரீ, வாட்டரீ ஆறுகளில் அந்த ஓட்டம் மிஞ்சியிருந்தது. 1960களில் மாங்க்ஸ் கார்னர் பண்ணையில் ராபர்ட் ஸ்டீவன்ஸ் ஹார்மோன் ஊசி போட்டு முட்டையெடுக்கும் முறையைக் கண்டார். அதன் பிறகு வேறு பல மாநிலங்களின் ஏரிகளுக்கும் இந்த மீன் போயிற்று.

மகனின் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற கறுப்பினத்தவர், ஏப்ரலில் எங்களை மவுல்ட்ரி ஏரிக்கு அழைத்துப் போனார். விடியுமுன் படகோரம் விளக்கைத் தொங்கவிட்டார். வெளிச்சத்துக்குக் கூடிய ஹெரிங் மீன்மேல் வீச்சு வலை விழுந்தது. நம் மத்திக்குச் சொந்தம் இந்த ஹெரிங். கடலிலிருந்து வரும் இதைப் படகுகளுக்கான மதகு வழியாக ஏரிக்குள் ஏற்றிவிடுகிறார்கள். பாஸுக்கு அதுதான் விருந்து.

பிடித்ததை வட்டத் தொட்டியில் விட்டார்.

"ஏன் வட்டம்?" என்று கேட்டேன்.

"மூலை இருந்தால் முட்டி முட்டிச் செத்துவிடும்."

தொட்டியில் காற்றுக் குழாய் ஓடியது. செதில் உதிராமல் ஈரக் கையால் எடுத்து, மூக்குத் துளையில் கொக்கி மாட்டி இறக்கினார். அரைமணியில் தூண்டில் வளைந்தது. பேரன் இழுத்துச் சேர்த்த மீனைக் கோல் வைத்து அளந்தார். சட்டப்படியான அளவு இல்லை. தண்ணீரில் விட்டுவிட்டார். கோடையில் பிடிக்கவே தடை. வெந்நீராகும் ஏரியில், விட்ட மீனும் பிழைக்காதாம்.

திரும்பும்போது, "என் பாட்டி வீடு இதற்கடியில்தான் எங்கோ இருக்கிறது" என்றார். அணைக்காக 901 குடும்பங்களை வெளியேற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஏழைக் கறுப்பினத்தார். சுமார் 6,000 கல்லறைகளையும் தோண்டி மாற்றினார்களாம்.

எனக்கு மேட்டூர் நினைவு வந்தது. 1934இல் எழும்பிய அந்த அணை, கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உள்ளம் மீனின் வழியை மறித்தது. அங்கேயும் ஊர்கள் மூழ்கின. நீர் வற்றும்போது பண்ணவாடி நந்தி தலைகாட்டும் என்று அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"உங்களுக்கு அதாவது தெரிகிறது" என்றார்.