கல்லுக் கவுதாரியின் பெயர்

பலெர்மோவின் தாந்தே வீதியில் வில்லா மல்ஃபித்தானோ என்றொரு மாளிகை இருக்கிறது. மென்பொருள் வேலை ஒன்றுக்காகச் சில மாதங்கள் அந்த நகரில் தங்கியிருந்தபோது அங்கே போனேன். அதைக் கட்டியவர் ஜோசப் விட்டேக்கர் (1850–1936). மர்சாலா வைன் வணிகத்தில் செல்வம் சேர்த்த ஆங்கிலேயக் குடும்பம். அவர் பிறந்தது பலெர்மோவில். பறவைகளில் தீராத நாட்டம். துனீசியாவின் பறவைகளைப் பற்றி 1905இல் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார்.

சிசிலியின் வரண்ட கல்மலைகளில் ஒரு கவுதாரி உண்டு. மன்னாரில் அம்மப்பாவின் வளவுக்குள் ஓடித்திரிந்த சாம்பல் கவுதாரிக்கு உறவு. ஆனால் சிவந்த அலகு, வெள்ளைத் தொண்டை, அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. இத்தாலிப் பெருநிலத்துப் பறவைகளிலிருந்து நெடுங்காலம் பிரிந்திருந்து தனிக் கிளையாகிவிட்டது. 1934இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, விட்டேக்கரை நினைத்து 'விட்டேக்கரி' என்றார்கள்.

இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சிறப்புப் பாதுகாப்புப் பட்டியலில் அது இருக்கிறது. அதன் இனத்தை மிரட்டுபவற்றுள் ஒன்று, வேட்டைக்காகப் பண்ணைகளில் வளர்த்து இத்தாலியில் விடப்பட்ட சுக்கார் கவுதாரி. துருக்கி முதல் இமயம் வரை, கல்லும் வெயிலுமான நிலங்களுக்குப் பழகிய பறவை. நமக்கு அந்நியமல்ல: நிலவொளியை உண்டு வாழ்வதாகப் புலவர்கள் சொன்ன சகோரத்தின் பெயர்தான் திரிந்து சுக்கார் ஆனது. இத்தாலியின் கல்லுக் கவுதாரிகளில் சுக்காரின் மரபணு கலந்திருப்பதை 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

'அந்நியப் பறவை', 'கலப்பு', 'தூய மரபு' என்று வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பு கூசியது. பெல்லெக்ரினோ மலையில் சாந்தா ரொசாலியாவின் குகைக்கு நேர்த்தி வைத்து ஏறும் நம் சனங்களைப் பற்றியும் யாராவது இப்படி எழுதியிருப்பார்களோ என்று தோன்றியது.

ஆனால் பறவையியலாளரோடு எனக்கு வழக்கில்லை. அந்தக் கிளை கலந்து கரைந்தால் மீளாது. சுக்கார் தானாக வரவுமில்லை; சுடுவதற்கென்றே கூண்டில் வளர்த்துத் திறந்துவிட்டார்கள். பிழை பறவையுடையதல்ல. பறவைக்கான கணக்கை மனிதருக்குப் போடுவதுதான் பிழை. அப்படிப் போடுகிறவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்று உண்டு: சிசிலிக்கே உரிய அந்தக் கவுதாரி சுமப்பது, பிழைக்க வந்து தங்கிவிட்ட ஒரு குடும்பத்தின் பெயரை.